கை நனைத்த சவாரி

சென்றாயனுக்கு வாய் நீளம். நான் புறம் பேசுவதாக நினைக்க வேண்டாம். இதை அவர் முகத்துக்கு நேராகவே பலமுறை சொல்லியிருக்கிறேன். தருமபுரி பஸ் நிலையத்துக்கு வெளியே கார்களை நிறுத்திக்கொண்டு, போனில் சவாரி விழுமா என்று பார்த்துக் கிடக்கிற எங்கள் கூட்டத்தில், சவாரி இல்லாத நேரத்திலும் தொண்டை வறளப் பேசுகிறவர் அவர் ஒருவர்தான். ஏறி உட்கார்ந்தவர்களிடம் "எந்த ஊருங்க, யாரு வூடுங்க" என்று ஆரம்பித்தால், இறங்குவதற்குள் அவர்கள் வீட்டுப் பங்காளிச் சண்டைவரை கறந்துவிடுவார்.

ஒருமுறை ஒகேனக்கல்லுக்கு ஒரு பெரியவர் ஏறினார். வழியெல்லாம் அந்த மனிதர் வாயே திறக்கவில்லை. சென்றாயன்தான் தன் மாடு கன்று போட்டதிலிருந்து மகள் பரீட்சையில் தேறியதுவரை சொல்லிக்கொண்டு போயிருக்கிறார். இறங்கும்போது பெரியவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "இப்படிப் பேசி ரொம்ப நாளாச்சுங்க" என்றாராம். இந்தக் கதையைக் கேட்டு நாங்கள் சிரித்த சிரிப்பில் பக்கத்து டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

இன்னொரு நாள், இரவு டியூட்டி முடித்து வந்த ஜாஸ்மின் என்கிற நர்ஸ் பெண். அதியமான்கோட்டையில் வீடு. வண்டி நகர்ந்ததும் தூங்கிவிட்டது. வீட்டு வாசலுக்குப் போன பிறகும் எழுப்ப மனம் வராமல், கண்ணாடியை இறக்கிவிட்டுச் சென்றாயன் சும்மா உட்கார்ந்திருந்தார். அந்தப் பெண்ணின் அம்மா வெளியே வந்து பார்க்கும்வரை அப்படியே இருந்திருக்கிறார். அவ்வளவு நேரம் அவர் பேசாமல் இருந்தார் என்பதை எங்களில் யாரும் நம்பவில்லை. ஜாஸ்மினே ஒருநாள் வந்து சாட்சி சொன்ன பிறகுதான் நம்பினோம்.

கார் அவருடையது இல்லை. மாதவராஜ் என்பவருடையது. அதனால் போனில் சவாரி விழும்போது மாதவராஜ் என்றுதான் பெயர் வரும். ஏறுகிறவர்கள் அந்தப் பெயரிலேயே கூப்பிடுவார்கள், இவரும் திரும்பிப் பார்ப்பார். பெயரில் என்ன இருக்கிறது, கூப்பிட்டால் சரி என்பார்.

போன ஐப்பசியில் ஒருநாள் முற்பகலில் அவருக்கு ஏரியூருக்குச் சவாரி விழுந்தது. அந்தப் பக்கத்துக்குச் சவாரி கிடைப்பது குதிரைக்கொம்பு. சென்றாயனின் சொந்த ஊரும் அங்கேதான். வீட்டிலேயே சூடாக ஒருவாய் சாப்பிட்டுவிட்டு வரலாமே என்று மனிதருக்கு ஒரே குஷி. மகள் பூவரசி கட்டிக்கொடுத்த டிபன் பாக்ஸ் முன்சீட்டில் இருந்தது. அதைத் தட்டிக் காட்டி, "இன்னைக்கு இது யாருக்குக் குடுத்து வெச்சிருக்குதோ" என்று எங்களிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

பாலக்கோட்டிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கிய இரண்டு பேர் ஏறினார்கள். பானுமதி என்ற அம்மாள், ஐம்பது வயதிருக்கும். கூட வந்தவர் அவருடைய தம்பி சிவக்குமார். வழக்கப்படி சென்றாயன் வேகவைத்த நிலக்கடலையைப் பின்பக்கம் நீட்டினார்.

"வேணாங்க," என்றார் அந்தம்மா. "ஏரியூர்ல ஒரு பொண்ண விசாரிக்கப் போறோம். முடிவாகற வரைக்கும் அந்த ஊர்ல கை நனைக்கக் கூடாதும்பாங்க. நீங்க எந்த ஊரு?"

"அந்த ஊருதாங்க."

"அப்ப உங்க கடலையும் அதுல சேத்திதான்."

மூன்று பேரும் சிரித்தார்கள். சென்றாயன் அத்தோடு சிரித்து முடித்துக்கொண்டார். ஏனென்றால் அடுத்து சிவக்குமார் கேட்டார்: "உங்க ஊர்ல சென்றாயன்னு ஒருத்தரு, அவரும் எங்கியோ வண்டி ஓட்டறாராமே, தெரியுங்களா?"

பூவரசிக்கு இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு நிச்சயம் நடந்து நின்றுபோனது. பத்திரிகை அடித்த பிறகு நின்றது. அதற்குப் பிறகு வந்த மாப்பிள்ளை வீட்டார் எல்லாரும் ஊர் டீக்கடைவரைக்கும் வந்தார்கள், விசாரித்தார்கள், அப்படியே திரும்பிப் போனார்கள். டீக்கடையில் என்ன சொல்லப்பட்டது என்று யாரும் சென்றாயனிடம் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. இந்தப் பாலக்கோட்டு இடம் தரகர் கொண்டுவந்தது. பையன் மாதேஷ், இந்த அம்மாளின் மகன், ஓசூர்க் கம்பெனியில் வேலை. படத்தைப் பார்த்துவிட்டுப் பூவரசி, "பாக்கலாம்ப்பா" என்றிருந்தாள். அந்த ஒரு சொல்லுக்காக வீட்டில் பாஞ்சாலி, அதாவது சென்றாயனின் மனைவி, சென்றாயப் பெருமாளுக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்திருந்தாள்.

"நான்தாங்க அது" என்று அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். நானாயிருந்தால் சொல்லியிருப்பேன். ஆனால் உலகத்தையே பேசித் தீர்த்த வாய்க்கு அன்றைக்கென்று பூட்டு விழுந்துவிட்டது. "தெரியுங்க," என்று மட்டும் சொன்னார். சொல்லிவிட்டால் பிறகு மாற்றிச் சொல்ல முடியுமா?

"அந்தப் பொண்ணுக்கு ஒரு நிச்சயம் நின்னுபோச்சாமே. ஏன்?" என்றார் பானுமதி.

பென்னாகரம் தாண்டி வண்டி போய்க்கொண்டிருந்தது. எதையாவது பூசி மெழுகிவிடலாம் என்று ஒரு நிமிஷம் தோன்றியதாம். அதை எங்களிடம் மறைக்கவில்லை.

"பையனுக்குக் குடி இருந்துச்சுங்க. நிச்சயத்துக்கு அப்பறம் குடிச்சிட்டு அந்தப் புள்ளைக்குப் போன் பண்ணி அசிங்கமாப் பேசுவான். அது ஒருநாள் அப்பன்காரன் முன்னாடி வந்து நின்னு, வேண்டாம்ப்பான்னு ஒரே வார்த்தைதான் சொன்னது. அவரு நிறுத்திட்டாரு. டீக்கடைல வேற மாதிரி சொல்லுவாங்க. அங்கியும் கேட்டுக்கங்க."

"அப்பன்காரரு எப்படி?" என்றார் சிவக்குமார். "குடி கிடி?"

"குடி இல்லீங்க. வாய்தான் ஜாஸ்தி. புத்தி கம்மி. அந்த மாப்ளயப் பத்தி அரசல்புரசலாக் காதுல விழுந்தும், நெலம் நீச்சு இருக்குதேன்னு தலையாட்டுன ஆளு. புள்ள சொல்லித்தான் அந்தாளுக்குக் கண்ணு தெறந்துச்சு."

சிவக்குமார் உதட்டைப் பிதுக்கினார். "பொண்ணு எப்படி?"

"பென்னாகரத்துல மருந்துக் கடைல வேலைங்க. கோவம் வரும், மறைக்க வேண்டியதில்ல. வந்த வேகத்துல போயிரும். படிக்காதவங்க வந்தா, எந்த மாத்திரை எப்பன்னு மூணு தடவை சொல்லி அனுப்பும். கத்திரிக்கா தொடாது. சின்னதுல காய்ச்சல் வந்தா அப்பன் சுண்டுவிரலப் புடிச்சுக்கிட்டுத்தான் தூங்கும். விரல உருவுனா முழிச்சுக்கும். அதனால அந்தாளு ராத்திரி பூரா உக்காந்தபடியே..."

பாதியில் நிறுத்திவிட்டு முன்கண்ணாடியைத் துடைத்தார். கண்ணாடியில் அழுக்கு எதுவும் இல்லை.

ஊருக்கு இன்னும் கொஞ்சதூரம்தான். பால்வண்டி நிற்கிற திருப்பம் வந்ததும் பானுமதி சொன்னார்: "வண்டியத் திருப்புங்க. விசாரிச்சாச்சு."

"என்னக்கா இது, இவ்ளோ தூரம் வந்துட்டு டீக்கடைல ஒரு வார்த்தை..."

"போதும்டா. திருப்புங்க."

திருப்பினார். வேறென்ன செய்வார்? இதுவரைக்கும் மற்றவர்கள் வாயால் கெட்டது, இந்தமுறை என் வாயாலேயே கெட்டது என்று நினைத்தாராம். புத்தி கம்மி என்று என்னை நானே எதற்குச் சொன்னேன், நிலத்துக்கு ஆசைப்பட்டதை எதற்குச் சொன்னேன், பாஞ்சாலியிடம் எந்த முகத்தோடு சொல்வேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் பென்னாகரம்வரை வந்து சேர்ந்தார்கள்.

ஊருக்கு வெளியே ஒரு புளியமரம். "இங்க கொஞ்சம் நிறுத்துங்க," என்றார் பானுமதி. இறங்கி, முன்கதவைத் திறந்து, சீட்டில் இருந்த டிபன் பாக்ஸைப் பார்த்தார்.

"என்ன சோறு?"

"தக்காளி சோறுங்க."

"யாரு கட்டிக்குடுத்தது?"

சென்றாயன் அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தார். இதற்கு மேல் மாதவராஜாக இருக்க அவரால் முடியவில்லை. "எம் பொண்ணுங்க. பூவரசி," என்றார்.

"தெரியும். அடுத்த வூட்டுப் புள்ளைய யாரும் விரல் வரைக்கும் ஞாபகம் வெச்சிருக்க மாட்டாங்க."

தண்ணீர் பாட்டிலை எடுத்து அந்த அம்மாள் சாலையோரமாகக் கையைக் கழுவினார். டிபன் பாக்ஸைத் திறந்தார். சிவக்குமார் பதறிப்போய், "அக்கா, அது பொண்ணு வூட்டுச் சோறு!" என்றார்.

"தெரிஞ்சுதான் சாப்பிடறேன். இவனே, எனக்கு நிச்சயம் பண்ணப்ப நானும் வேண்டாம்னு அழுதேன். அப்பாவும் கேக்கல. நீயும் பக்கத்துலதான் நின்ன."

சிவக்குமார் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். பானுமதி புளியமரத்து நிழலில் நின்றபடியே நாலைந்து வாய் சாப்பிட்டார். தம்பிக்கும் ஒரு கவளம் உருட்டிக் கையில் வைத்தார். பிறகு ஊரில் சம்பந்தியைக் கூப்பிடுகிற முறையிலேயே கூப்பிட்டார்.

"சென்றாயண்ணா, எங்க பக்கம் கை நனைச்சாச்சு. வர்ற ஞாயித்துக்கிழமை பையனக் கூட்டியாறேன். புள்ள நேர்ல பாத்துப் பேசட்டும். அப்பறம் இந்தத் தடவையும் அது வேண்டாம்னு சொன்னா, நீங்க நிறுத்திடணும். எங்களுக்காகத் தலையாட்டிடாதீங்க."

சென்றாயன் தலையாட்டினார். அதைப் பார்த்துவிட்டு அந்த அம்மாவே சிரித்தார். டிபன் பாக்ஸை மூடிக் கொடுக்கும்போது, "உப்பு ஒரு கல்லு கம்மி," என்றார்.

அவர்களைப் பாலக்கோட்டு பஸ்ஸில் ஏற்றிவிட்டு எங்களிடம் வந்து நின்றவரைப் பார்த்து, விபத்து ஏதோ ஆகிவிட்டது என்றே பயந்துபோனேன். முகம் முழுக்கக் கண்ணீர். பாதி சொன்னார், பாதி நாங்களே புரிந்துகொண்டோம். அதற்குள் அவர் போன் அடித்தது. மகள்தான், தினமும் அந்த நேரத்துக்குக் கூப்பிடுவாள். எல்லாருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டார்.

"சாப்பிட்டியாப்பா? சோறு எப்படி இருந்துச்சு?"

"உப்பு கம்மின்னு சொன்னாங்கம்மா."

"யாரு சொன்னா? எஞ்சோத்த யாருக்குக் குடுத்த?"

சென்றாயன் போனை என் கையில் திணித்துவிட்டு, காருக்குப் பின்னால் போய்த் திரும்பி நின்றுகொண்டார். நான்தான் சொன்னேன்.