சேலையூர் விலாசம்

கனகவல்லி அக்காவின் வீடு எங்கள் தொழிற்சாலைக்குப் பின்தெருவில் இருந்தது. தினமும் விடிவதற்குள் சிங்கப்பெருமாள் கோவிலில் ரயிலேறித் தாம்பரம் போவார். அங்கிருந்து கம்பெனி பஸ்ஸில் தன் தெருமுனையைத் தாண்டியே வேலைக்கு வருவார். சுற்றுவட்டார ஆட்களை எடுப்பதில்லை என்பது அங்கே எழுதப்படாத சட்டம். அதனால் தோழி ஹில்டாவின் சேலையூர் விலாசத்தைக் கொடுத்திருந்தார். எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரியாக விழுப்புரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த என்னிடமும், "லோக்கல் இல்லையே?" என்றுதான் முதலில் கேட்டார்கள். பட்டத்தைப் பிறகுதான் பார்த்தார்கள்.

"எங்கப்பா நெலத்து மேலதான் நம்ம கேன்டீன் நிக்குது. நான் வெளியூராம்!" என்று அக்கா சிரிப்பார். "இன்னா பண்றது தம்பி, இந்த வேல போச்சுன்னா வூட்ல ஒல ஏறாது."

ஒருநாள் மதியம் லாக்கரில் இருந்த போனை எடுத்தபோதுதான், காலையிலேயே அப்பா அப்பாதுரை இறந்துபோன செய்தி அவருக்குத் தெரிந்தது.

சூப்பர்வைசர் ஷ்யாம்சுந்தர் இளகிய மனசுக்காரர். "அழாதம்மா. சேலையூருக்கு நானே கார்ல கொண்டுபோய் விடறேன்."

"வேணாம் சார், நானே போய்க்கிறேன்."

"இந்த நிலைமையில தனியா அனுப்புவேனா?" துணைக்கு என்னையும் ஏறச் சொன்னார்.

அக்காவின் தெருமுனையில் கார் நின்றது. பந்தல், பறை, கூட்டம்.

"ரோட்டையே அடைச்சிட்டாங்க பாரு. இதுக்குத்தான் லோக்கல் ஆளே வேணாங்கறது. வாரம் ஒரு சாவுன்னு லீவு கேப்பானுங்க," என்று ஹாரனை அழுத்தினார்.

இறங்கிவிடலாமா என்று அக்காவைப் பார்த்தேன். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, வேண்டாமென்று தலையாட்டினார். அவருடைய தம்பியே கூட்டத்தை விலக்கிக் காருக்கு வழிவிட்டான். உள்ளே இருப்பது யாரென்று அவன் பார்க்கவில்லை.

சேலையூரில், "சந்துக்குள்ள கார் வராது சார்," என்று சொல்லி இறங்கினோம். அவர் போனதும் ஆட்டோ பிடித்துத் தாம்பரம் வந்து ரயிலேறினோம். வழியெல்லாம் தம்பி போன் செய்தபடி இருந்தான். அவன் கத்தியது எனக்கே கேட்டது.

"பக்கத்துலதானக்கா கீற, இன்னும் இன்னா பண்ற? பொழுது சாயுது, எவ்ளோ நேரம்தான் வெச்சிருக்கிறது?"

"தோ வந்துட்டேன்டா." என் பக்கம் திரும்பினார். "எடுக்கறதுக்குள்ள போய்டலாம்ல தம்பி?"

"போய்டலாம்க்கா."

தெருவில் நுழைந்தபோது பூக்கள் சிதறிக் கிடந்தன. பறைச் சத்தம் ஏரிக்கரைப் பக்கம் போய்விட்டிருந்தது. பெண்கள் வீட்டைக் கழுவிவிட்டுக்கொண்டிருந்தார்கள். அக்கா வாசல் ஈரத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

போன் அடித்தது. ஷ்யாம்சுந்தர்.

"வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துட்டியாம்மா?"

"சேர்ந்துட்டேன் சார்," என்றார் அக்கா.