மூன்று வாரத்துக்கு ஒரு நீர்க்கட்டி

மைன்ராட் கை நிறையப் பாசியைப் பிடுங்கி, வாய்க்காலின் மரத்தொட்டிகள் ஒன்றோடொன்று சேரும் இடுக்கில் திணித்துக்கொண்டிருந்தார். கட்டைவிரலால் ஒரு அழுத்து, உளிப்பிடியால் ஒரு தட்டு, பிறகு அடுத்த இடுக்கு. கண் மட்டும் எதிர்மலையில் இருந்தது. பார்க்காமலே செய்கிறாரே, என்ன தேர்ச்சி என்று நினைத்துக்கொண்டு நடந்துவிட்டேன். முப்பத்தெட்டு வருடம் இந்த மலையில் வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்த்த நர்ஸ் நான். அன்றே நின்று கவனித்திருக்க வேண்டும்.

எங்கள் ஊரில் நூற்றெண்பது பேர். பனியாற்றுத் தண்ணீர் ஆறு கிலோமீட்டர் பாறை ஓரமாக வந்துதான் எங்கள் புல்வெளிகளை நனைக்கிறது. குடும்பத்துக்கு ஒரு முறைக்கட்டை, அதில் அந்தக் குடும்பத்தின் குறி. மடைக்கம்பத்தில் கட்டைகள் தொங்கும் வரிசையில் தண்ணீர் போகும். அதைப் பார்த்து மடை திறந்து மூடுகிற நீர்க்கட்டி மைன்ராட். ரோப் கார் ஓட்டிய காலத்திலேயே ஏற்றுக்கொண்ட வேலை. இது இருபத்திரண்டாவது கோடை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எழுபத்துமூன்று வயதில் சர்க்கரை இல்லை, ரத்த அழுத்தம் இல்லை, பேச்சுக்கும் குறைவில்லை. வாய்க்காலிலிருந்து திரும்பி வரும்போது, தனியாக இருக்கும் நான்கு கிழங்களின் கதவைத் தட்டி, பதில் வந்த பிறகே நகர்வார். அதில் ஒரு கதவு என்னுடையது.

ஜூன் முதல் வாரத்தில், ஆடு வளர்க்கும் ரோசினாவின் புல்வெளிக்குத் தண்ணீர் விட்டுவிட்டார். அவள் அறுத்துப் போட்டு இரண்டு நாள் காய்ந்திருந்த புல் மொத்தமும் மிதந்தது. புல் காயட்டும் என்றுதான் அவள் தன் முறையைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்து, கட்டைகளையும் இடம் மாற்றி மாட்டியிருந்தாள்.

"என் ஆடுங்க குளிர்காலம் பூரா சூப்பு குடிக்கணுமா?" என்று மடைக்கம்பத்தடியில் அவரைப் பிடித்துக்கொண்டாள். "கட்டைய மாத்தி மாட்டினேனே, பாக்கல?"

"பாத்தேன்" என்றார் மைன்ராட். மேற்கொண்டு ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். பேச்சில் தோற்று அவர் போய் நான் பார்த்ததில்லை.

ரோசினா போனதும் கட்டைகளைத் தொட்டுப் பார்த்தேன். பழைய கட்டைகளில் குறியைக் கத்தியால் வெட்டியிருக்கும். அவை வெடித்துப் போனதால், பஞ்சாயத்து எழுத்தர் லியாண்டர் இந்த வசந்தத்தில் புதிது செய்து மாட்டியிருந்தான். வழவழவென்று வார்னிஷ், பெயின்டில் குறி. கண்ணை மூடிக்கொண்டு விரலை ஓட்டினேன். எல்லாக் கட்டையும் ஒன்றுபோலத்தான் இருந்தது.

நேராக அவர் சமையலறைக்குப் போனேன். கறுப்பு ரொட்டியை நெஞ்சோடு அணைத்து வெட்டிக்கொண்டிருந்தார். ஜன்னல் பக்கம் நின்று கையை நீட்டினேன்.

"எத்தன விரல்?"

"உனக்கு அஞ்சுதானே?"

"மைன்ராட்."

கத்தியை வைத்தார். "கை இருக்கிறது தெரியுது. விரல் தெரியல."

"எத்தன வருஷமா?"

"ரெண்டு. மூணுன்னும் வெச்சுக்கலாம். பழைய கட்டை இருந்தவரைக்கும் ஒரு குறையும் இல்ல. புதுசுல, போன தடவை வரிசையை மனசுல வெச்சு ஓட்டினேன்."

"அந்தப் பாறை ஓரத்துல எப்படி நடந்தே?"

"காலுக்குத் தெரியும்."

"காலு விழுந்தா நாங்கதானே தூக்கணும்? கண்ணுல புரை. அரை மணி நேர ஆபரேஷன். ஏன் சொல்லல?"

"மூணு வாரம் குனியாதே, தூக்காதேம்பாங்க. வாய்க்கால வேற ஒருத்தன்கிட்ட கொடுப்பாங்க. கொடுத்தது திரும்பி வருமா?"

அவர் பயத்தை நான் அசட்டுத்தனம் என்று தள்ளவில்லை. வேலை போன பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டே குளிர்காலத்தில் முடிந்துபோனவர்களைக் குளிப்பாட்டியவள் நான். ஆனால் பாறையிலிருந்து விழுந்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

"இன்னைக்கு சாயங்காலம் நீர்ப்பங்காளிங்க கூட்டத்துல நீயே சொல்லிடு. இல்லன்னா நான் சொல்லுவேன்" என்றேன்.

பள்ளிக்கூட அறையில், நீர்ப்பங்காளிகள் முன்னால் எழுந்து சொன்னார். சுருக்கமாக, கையைப் பைக்குள் விட்டுக்கொண்டு. லியாண்டர் காது சிவக்க, "வெட்டாம பெயின்ட் அடிச்சது நான்தான். சுலபமா இருக்கும்னு நெனச்சேன்" என்றான்.

"உனக்கு சுலபமா இருந்திருக்கும்" என்றாள் ரோசினா. பிறகு மைன்ராட்டின் பக்கம் திரும்பினாள். "குணமாகிற வரைக்கும் நான் போறேன். கண்ணு தெரிஞ்சதும் மரியாதையா வந்து வாங்கிக்கோ. வெள்ளென நாலு மணிக்கு எழுந்திருக்கணும்னு எனக்கொண்ணும் வேண்டுதல் இல்ல. பதினஞ்சு ஆட்டோட மாரடிக்கிறதே போதும்."

"உனக்கு மடைப்பலகை தூக்கத் தெரியுமா?" என்றார் மைன்ராட்.

"காஞ்ச புல்லுல தண்ணி விடக் கூடாதுன்னு தெரியும்."

அறை முழுக்கச் சிரித்தது. அவரும் சிரித்தார். ரோசினா பொறுப்பேற்பதும், கண் சரியானதும் வேலை மைன்ராட்டுக்கே திரும்புவதும் கைதூக்கி முடிவாயின. லியாண்டர் அதைக் குறிப்பேட்டில் எழுதினான். மைன்ராட் அதை இரண்டு தடவை உரக்கப் படிக்கச் சொன்னார்.

மறுநாள் காலை ஐந்து மணிக்கு ரோசினா முன்னால் நடக்க, அவள் முதுகுப்பையைப் பிடித்துக்கொண்டு மைன்ராட் பின்னால் நடந்தார். பாறை தொடங்குவதற்கு முன்னால் உள்ள மூன்றாவது மடை வரைக்கும்தான் அவருக்கு நான் அனுமதி கொடுத்திருந்தேன். அங்கே பலகையை எவ்வளவு உயரம் தூக்குவது என்று இருவரும் சண்டை போடும் சத்தம் என் வீடு வரைக்கும் கேட்டது. எட்டு மணிக்கு ஆஸ்பத்திரியில் தொலைபேசி எடுத்தார்கள். பத்தொன்பதாம் தேதி, வலது கண் முதலில். குறித்துக்கொண்டு, ஆஸ்பத்திரிக்குப் போட்டுக்கொண்டு போக அவருடைய நீல அங்கியைத் துவைக்கப் போட்டேன்.