ஆலமரத்துச் சாக்கு மூட்டைகள்

மாட்டு டாக்டரின் வலது கையைப் பார்த்துத்தான் எனக்கு முதலில் பொறாமை வந்தது. தோள்வரை அதைப் பசுவுக்குள் விட்டு, கண்ணை மூடி, எதையோ தடவி, "சினைதான், மூணு மாசம்" என்று சொல்லிவிட்டால் போதும், தெரு முழுக்க அவருடையது. சோப்பு வரும், துவைத்த துண்டு வரும், சொம்பு நிறைய மோர் வரும். எனக்கு? "ரேசன் கார்டு விசயமா வந்தியளா டீச்சர்?"

மனிதர், மாடு, தண்ணீர் மூன்றின் நோயையும் சேர்த்துப் பார்க்கிற திட்டம் அது. தாமிரபரணி வாய்க்கால் ஓரம் ஒரு ஊர். ஆஸ்பத்திரி டாக்டரம்மா, மாட்டு டாக்டர், சமூகவியல் படித்த நான். அவர்கள் ரத்தம் எடுத்தார்கள். நான் பதில் எடுத்தேன். ரத்தம் ஐஸ் பெட்டியில் காரில் போகும். என் தாள்கள் டவுன் பஸ்ஸில், என் மடியில், வேர்வையில் ஒட்டிக்கொண்டு வரும். என்னைவிடப் பத்து வயது இளையவர் மாட்டு டாக்டர். அந்தத் தெருநாய்கள்கூட அவர் வண்டிச் சத்தத்துக்கு எழுந்து வாலாட்டும், என் செருப்புச் சத்தத்துக்குக் குரைக்கும்.

"கன்று ஈன்றபின் கழிவுகளை எவ்வாறு அப்புறப்படுத்துகிறீர்கள்?" என் தாளில் ஒரு கேள்வி. எழுதியதும் நான்தான். எல்லாரும் "முறையா அப்புறப்படுத்துதோம்" என்றார்கள். நானும் டிக் போட்டேன்.

பிறகு ஒருநாள் வாய்க்கால் படித்துறையில் ஓர் அக்கா. வயல் வேலைக்குப் போகிறவர். எந்த வீட்டு மாடு ஈன்றாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். துவைக்கக் குனிய முடியாமல் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு மாதமாகக் காய்ச்சல், போகும், வரும். மூட்டுக்கு மூட்டு வலி. சிக்குன்குனியா என்று எங்கோ ஊசி போட்டிருந்தார்கள். தாளை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, அவருடைய சேலையை நான் அலசினேன்.

"எளங்கொடி, அந்த நஞ்சுக்கொடி, விழுந்தா என்னக்கா செய்வீய?"

"என்ன செய்ய? வெறுங்கையால அள்ளி, சாக்குல பொதிஞ்சு, அந்த ஆலமரத்துல கட்டுவேன். பால்மரம்லா? மாட்டுக்குப் பால் ஊறும்."

"கன்னு வீசிட்டுன்னா?"

"வீசுனாலும் கட்டணும்லா! கட்டலேன்னா, மாடு கொறமாசத்துல கன்னு வீசுன சங்கதி ஊருக்குத் தெரிஞ்சிரும். பொறவு அந்த மாட்ட எவன் வாங்குவான்?" குரலைத் தாழ்த்தினார். "டாக்டரய்யாவுக்கே தெரியாது. அவுக கேக்கவும் இல்ல."

அவுக கேக்கவும் இல்ல. அல்வாத் துண்டு மாதிரி அந்த வரி எனக்குள் வழுக்கி இறங்கியது.

நேரே ஆலமரத்துக்குப் போனேன். பதினொரு மூட்டைகள். ஒன்றைக் காகம் கொத்திக்கொண்டிருந்தது. வேரடியில் நாய் எதையோ இழுத்தது. மூட்டையிலிருந்து வடிந்தது வாய்க்காலில் சொட்டியது. தெருத்தெருவாக விசாரித்தேன். ஈன்ற கன்றுகள், விற்றதையும் சேர்த்து, ஏழுதான். மீதி நாலு மூட்டையும் வீசியவை. மாடு கன்று வீசுகிறது, அதை அள்ளியவருக்கு விட்டுவிட்டுக் காய்ச்சல். இரண்டையும் முடிச்சுப் போட மருத்துவம் படித்திருக்க வேண்டாம்.

அன்றைக்கே போனில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பத்து நாள் கழித்துத் திட்டக் கூட்டம். மாட்டு டாக்டரின் முகம் சுருங்குவதை நேரில் பார்க்க வேண்டும் எனக்கு.

கூட்டத்தில் சொன்னேன். டாக்டரம்மா பேனாவை மூடினார். "அந்த அம்மாவுக்குக் காய்ச்சல்னு உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"பத்து நாளா."

மாட்டு டாக்டரின் முகம் சுருங்கவில்லை. "அந்த மரத்தடியிலதான் தெனமும் வண்டிய நிப்பாட்டுதேன்," என்றார். "நிமிந்து பாக்கல. நீங்கதான் பாத்திருக்கீங்க." எத்தனை மாதம் ஏங்கிய சொல் அது! வாங்கி வைக்க என்னிடம் இடம் இல்லை.

அக்காவின் ரத்தம் பார்த்தார்கள். கன்று வீச்சு நோய்தான், மாட்டிடமிருந்து வந்தது. வாரக்கணக்கில் மாத்திரை. அந்தப் பத்து நாளில் அக்கா இன்னும் இரண்டு மாட்டுக்குக் கைகொடுத்திருந்தார், ஒன்றுக்கு மருமகளையும் கூட்டிக்கொண்டு. மருமகளின் ரத்தமும் போயிருக்கிறது. முடிவு இன்னும் வரவில்லை.

நேற்று பெரியாஸ்பத்திரி வரிசை பெஞ்சில் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஏன் சொல்லாமல் இருந்தேன் என்பதையும்.

"எனக்கு ஒடம்புக்குத்தான் சீக்கு. உங்களுக்கு என்னத்துக்கு மாத்திர குடுக்க?" முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "அவ ரத்தத்துல ஒண்ணும் இல்லன்னு வரட்டும், பொறவு உங்கட்டப் பேசுதேன்," என்று திரும்பிக்கொண்டார்.

அப்போது வாசலில் அந்த வண்டிச் சத்தம். அக்காவின் மாத்திரைச் சீட்டோடு மாட்டு டாக்டர் வந்துகொண்டிருந்தார். "டாக்டரய்யா வந்துட்டாவ," என்றார் அக்கா. முகம் மலர்ந்தது.

பெஞ்சில் தள்ளி அமர்ந்து அவருக்கு இடம் விட்டேன். அந்தப் பழைய பொறாமை மறுபடி எரிந்தது.