மேல் எகிப்து கீழேதான் இருக்கிறது

"என் பேனாவத் தாண்டி ஆப்பிரிக்காவுல ஒரு ஈகூட இடம் மாறாது" என்று எங்கள் அச்சகத்தின் பிழைதிருத்துநர் ஒருமுறை முழங்கினார். அன்றிலிருந்து அவர் ஆப்பிரிக்கா அண்ணன். பள்ளிச் சுவர்ப்படங்களில் முப்பது ஆண்டுகளாக அந்தக் கண்டத்தைக் கட்டிக்காத்து வரும் எங்கள் பெருமைக்குரிய காவலர். சகாராவில் ஒரு புள்ளி கூடினாலும் அவருக்குச் சோறு இறங்காது.

சென்ற வாரம் பழங்கால ஆப்பிரிக்காவின் வரைபடம் திருத்தத்துக்கு வந்தது. அதில் நைல் நதியின் தெற்கே 'மேல் எகிப்து' என்றும், வடக்கே கடலோரம் 'கீழ் எகிப்து' என்றும் இருந்தது.

"மேல இருக்கறது எப்படிய்யா கீழ் எகிப்து ஆகும்?" என்று இரண்டையும் இடம் மாற்றிக் கையெழுத்திட்டார்.

மறுநாள் காலை, முகமெல்லாம் சோப்போடு குழாயைத் திருகினார். தண்ணீர் வரவில்லை.

"மேல தொட்டி காலி. கீழ எப்படிங்க தண்ணி வரும்?" என்றார் மனைவி.

அண்ணனுக்குச் சட்டென்று எகிப்து நினைவுக்கு வந்தது. நைல் தெற்கே மேட்டில் பிறந்து வடக்கே இறங்குகிறது. அந்தக் காலத்தவர் மேல், கீழ் என்றது ஆற்றோட்டத்தைப் பார்த்து, காகிதத்தைப் பார்த்தல்ல!

சோப்பைத் துண்டால் துடைத்தபடியே அச்சகத்துக்கு ஓடினார். ஐயாயிரம் படங்கள் அடிக்க இயந்திரம் தயாராக நின்றது.

"என்னண்ணே, ஈ நகர்ந்துடுச்சா?" என்றார் இயந்திரக்காரர்.

"ஈ அங்கேயேதான் இருக்கு தம்பி. நான்தான் எகிப்தையே புரட்டிட்டேன்."

சத்தமில்லாமல் திருத்திவிட்டுப் போயிருக்கலாம். அவரோ இரண்டையும் பழையபடி மாற்றி, புரூஃப் தாளின் ஓரத்தில், எல்லோரும் படிக்கும்படி, "பிழை என்னுடையது" என்று எழுதிக் கையெழுத்திட்டார்.