ஆடாமல் ஏறிய புள்ளிகள்

உயரமாக இருப்பது குற்றமில்லை. ஆனால் உயரமானவனிடம் விளக்கம் கேட்காமல் விடுகிறவர்களும் இல்லை. திரைச்சீலைக்காரர் ஆறடி மூன்று அங்குலம். கடையிலிருந்து வீடு வீடாகப் போய் ஜன்னல்களை அளப்பதும், தைத்து வந்த திரையை வளையங்களில் கோத்துக் கம்பியில் மாட்டுவதும் அவருடைய வேலை. வீட்டுக்காரர்கள் பரபரப்பாக ஏணி தூக்கிக்கொண்டு வருவார்கள். அவர் தரையில் நின்றபடியே கையை உயர்த்தி மாட்டிவிட்டு, "இருக்கட்டுங்க" என்பார். உடனே அந்தக் கேள்வி வந்துவிடும்: கூடைப்பந்து ஆடுவீர்களோ?

ஆரம்ப காலத்தில் இல்லை என்றுதான் சொல்லிப் பார்த்தார். அப்படிச் சொன்னால் பேச்சு வளர்ந்தது. இவ்வளவு உயரத்தை வைத்துக்கொண்டு ஆடாமல் இருந்தது ஏதோ பொதுச் சொத்தை வீணடித்த மாதிரி வருத்தப்பட்டார்கள். ஆமாம் என்றால் அத்தோடு முடிந்தது. ஆகவே அவர் பொய் சொன்னது பெருமைக்காக அல்ல, வேலை முடிந்து சீக்கிரம் வீட்டுக்குப் போவதற்காக. பெருமை பிறகுதான் வந்து ஒட்டிக்கொண்டது.

அது முழுப் பொய்யாகவும் இல்லை என்பதுதான் வினை. கல்லூரி அணியில் அவர் இருந்தது உண்மை. மூன்று வருடமும் இருந்தார். விடியற்காலைப் பயிற்சிக்கு ஒரு நாள் தவறியதில்லை. முழுப் பொய்யாக இருந்திருந்தால் என்றைக்காவது சலித்துப்போய்க் கைவிட்டிருப்பார். பாதி உண்மை கலந்த பொய்க்கு ஆயுசு கெட்டி. கல்யாணமான புதிதில் மனைவியிடம் சொன்னார். அந்த அம்மாள் அதை வளர்த்தார். மகளுக்குக் கல்யாணப் பேச்சு நடந்தபோது, சம்பந்தி வீட்டாரிடம் "இவரு ஆட ஆரம்பிச்சா எதிர் டீம்ல பாதிப் பேரு மூட்டை கட்டிடுவாங்க" என்று அந்த அம்மாள் சொன்னதைத் திரைச்சீலைக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார். மறுக்கவில்லை. காபியை ஊதிக் குடித்தார்.

அந்தப் பேச்சைக் காதில் வாங்கி வைத்துக்கொண்டவர் மாப்பிள்ளை. அவருக்குக் கம்ப்யூட்டர் வேலை. ஒரு கூட்டாளிப் பெண்ணோடு சேர்ந்து, இருந்த வேலையையும் விட்டுவிட்டு, ஒரு கூடைப்பந்து விளையாட்டைச் செய்துகொண்டிருந்தார். அதில் நாம் பந்தைத் தொட வேண்டியதே இல்லை. அணியின் நிர்வாகியாக உட்கார்ந்து ஆள் எடுக்கலாம், யார் ஆடுவது, யார் பெஞ்சில் இருப்பது என்று தீர்மானிக்கலாம். போட்டியைக் கம்ப்யூட்டரே நடத்திக்கொள்ளும். ஒவ்வொரு ஆட்டக்காரனுக்கும் எறிதல், தட்டிச் செல்லுதல், தடுத்தல் என்று தனித்தனிப் புள்ளிகள். இந்தப் புள்ளிகள் எப்படி ஏற வேண்டும் என்பதில்தான் இருவருக்கும் சண்டை. போட்டியில் ஆடிய நிமிடங்களுக்கு ஏற்ப ஏற வேண்டும் என்பது கூட்டாளிப் பெண்ணின் கட்சி. வாரம் முழுக்க எந்தப் பயிற்சி கொடுத்தோமோ அதற்கேற்ப ஏற வேண்டும் என்பது மாப்பிள்ளையின் கட்சி. தீர்ப்புச் சொல்ல வீட்டிலேயே ஒரு பழைய ஆட்டக்காரர் இருக்க, வெளியில் எதற்கு அலைவது?

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். மனைவி தட்டோடு வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். திரைச்சீலைக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு, மைதானத்தில் ஆடுவதெல்லாம் வெறும் காட்சி, திறமை ஊறுவது பயிற்சியில்தான் என்று ஆரம்பித்தார். ஒழுங்காகப் பயிற்சிக்கு வருகிறவன் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தாலும் உள்ளுக்குள் வளர்ந்துகொண்டேதான் இருப்பான் என்றார். சொல்லச் சொல்ல அவருக்கே அதில் நம்பிக்கை வந்தது. மாப்பிள்ளை மளமளவென்று தட்டச்சு செய்துகொண்டார். கூட்டாளிப் பெண் மட்டும் அரை மனதோடு விட்டுக்கொடுத்தாள். விளையாட்டின் முகப்பில் பயிற்சி ஆலோசகர் என்று அவர் பேரைப் போடப் போவதாகச் சொன்னபோது, "அதெல்லாம் எதுக்கு மாப்பிள்ளை" என்றார். போட வேண்டாம் என்று மட்டும் சொல்லவில்லை.

விளையாட்டை முதலில் நண்பர்களிடம் சோதனைக்குக் கொடுத்தார்கள். சில வாரங்களில் எல்லா அணிகளுக்கும் ஒரே வியாதி வந்தது. போட்டியில் இறக்கினால் களைப்பு, காயம். பெஞ்சில் வைத்தால் செலவில்லாமல் வளர்ச்சி. புத்தியுள்ள நிர்வாகிகள் சும்மா இருப்பார்களா? நல்ல இளைஞர்களை எல்லாம் பொத்திப் பொத்தி உட்கார வைத்துவிட்டு, முழங்கால் தேய்ந்த கிழங்களை மைதானத்துக்கு அனுப்பினார்கள். போட்டிகளைக் காணச் சகிக்கவில்லை. பெஞ்சிலோ மேதைகள் இடம் போதாமல் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஒருவன் ஒரு ஆட்டம்கூட ஆடாமல் எல்லாத் திறமைகளிலும் முழுப் புள்ளி வாங்கியிருந்தான். சோதித்தவர்கள் அவனுக்கு மகாராஜா என்று பட்டம் கட்டி, அவன் படத்தை ஒருவருக்கொருவர் அனுப்பிச் சிரித்தார்கள். இது திருந்தாவிட்டால் விளையாட்டை வெளியிடுவதில் அர்த்தமில்லை. விட்ட வேலைக்கே திரும்பிப் போக வேண்டியதுதான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மாப்பிள்ளையும் கூட்டாளிப் பெண்ணும் மடிக்கணினியோடு வந்து இறங்கினார்கள். மாப்பிள்ளைக்கு மாமனாரைக் குறை சொல்ல வாய் வரவில்லை; தாங்கள்தான் எங்கோ சரியாகப் புரிந்துகொள்ளவில்லை என்றார். திரைச்சீலைக்காரருக்கு அதைக் கேட்கத்தான் அதிகம் கூசியது. மகாராஜாவின் படத்தைக் காட்டினார்கள். பளபளப்பான சட்டை, பெஞ்சில் உட்கார்ந்தபடி சிரித்த முகம். கசங்காத அந்தச் சட்டையை அவருக்கு நன்றாகத் தெரியும்.

கூட்டாளிப் பெண் கேட்டாள்: "அங்கிள், உங்க டீம்ல நிஜமாவே இப்படி யாராவது இருந்தாங்களா? ஆடாமலே தேறினவங்க?"

"இருந்தான் ஒருத்தன்" என்றார்.

"அவரை எறக்கி விட்டப்போ என்ன ஆச்சு?"

அவர் சொன்னார். அந்தப் பையன் பயிற்சியில் கெட்டிக்காரன், எறிந்தால் பந்து வளையத்தில் படாமல் உள்ளே போகும். மூன்றாம் வருடக் கடைசி ஆட்டத்தில்தான் கோச் அவனைக் கூப்பிட்டார். ஆட்டத்தில் இறங்கினால் மேலே போட்டிருக்கும் நீளமான பேன்ட்டைக் கழற்ற வேண்டும். அதன் நாடாவை அவன் அவிழ்த்துப் பழகியதே இல்லை. அதற்கு அவசியம் வந்ததில்லை. அவசரத்தில் இழுத்தான், கடும் முடிச்சு விழுந்துவிட்டது. கோச் கத்துகிறார், நடுவர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறார், இவன் குனிந்து நாடாவைப் பல்லால் கடிக்கப் பார்க்கிறான். அவ்வளவு உயரத்துக்கு அது எட்டவில்லை. கடைசியில் பக்கத்தில் இருந்த குள்ளன் இறங்கி ஆடினான். இவன் முடிச்சோடு திரும்ப உட்கார்ந்துகொண்டான்.

எல்லோரும் சிரித்தார்கள். மாப்பிள்ளை கண்ணைத் துடைத்துக்கொண்டார். மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். திரைச்சீலைக்காரரும் கூடவே சிரித்தார். தன் சிரிப்பு தன் காதில் விழுந்தபோது ஜன்னலுக்கு வெளியே குதித்து ஓடிவிடலாம் போல இருந்தது. அந்தப் பையனை இத்தனை வருடம் ஒளித்து வைத்தது போதாதென்று, இன்றைக்குக் கூட்டி வந்து நாலு பேர் முன்னால் நிறுத்தித் தானும் சேர்ந்து கேலி செய்கிறோம் என்று தோன்றியது.

"பாவம், யாருங்க அந்த மக்குப் பிளாஸ்திரி?" என்றார் மனைவி.

"நான்தான்."

சிரிப்பு நிற்கவில்லை, இன்னும் கூடியது. பெரிய ஆட்டக்காரர்களுக்கே இந்தத் தன்னடக்கம் வரும் என்றார் மாப்பிள்ளை. இத்தனை காலம் சொன்ன பொய்யை ஒரே வார்த்தையில் நம்பியவர்கள், உண்மையை நம்புவதற்குச் சாட்சி கேட்பார்கள் போலிருந்தது. சாட்சி என்றால் அந்தக் குள்ளனைத்தான் தேட வேண்டும்.

கூட்டாளிப் பெண் மட்டும் சிரிக்கவில்லை. அவள் சொந்தக்காரி இல்லை, அவரை நம்பியாக வேண்டிய கட்டாயம் அவளுக்கில்லை.

"அப்ப ஏன் அங்கிள், பிராக்டிஸ் மட்டும் போதும்னு சொன்னீங்க?"

அவர் தன் உள்ளங்கைகளைப் பார்த்தார்.

"அப்படி இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும்மா. மூணு வருஷம் அதை நெனச்சுட்டேதான் உக்காந்திருந்தேன். நீங்க கேட்டதும் அதையே சொல்லிட்டேன். நான் ஒரு நிமிஷம்கூட ஆடினதில்லை."

மனைவியின் சிரிப்பு எங்கே நின்றது என்று யாரும் கவனிக்கவில்லை. நின்றிருந்தது. அந்த அம்மாள் அவரைப் பார்க்காமல் மாப்பிள்ளையைப் பார்த்து, "உங்கம்மாகிட்ட நான் என்னல்லாம் சொல்லி வச்சிருக்கேன்" என்றார், பாதி தனக்குத்தானே. பிறகு காலித் தம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு உள்ளே போனார். குழாயில் தண்ணீர் வெகுநேரம் ஓடியது. கழுவ இருந்ததோ நாலே தம்ளர்.

மாப்பிள்ளை திரையில் எதையோ மேலும் கீழும் நகர்த்தினார். கோபப்பட்டிருந்தால் தேவலை. அவர் சங்கடப்பட்டார், அதுவும் மாமனாருக்காக.

"பரவாயில்ல மாமா. முகப்புல பேரு இருக்கட்டும், எடுக்க வேண்டாம்."

"எடுத்துடுங்க மாப்பிள்ளை."

"சரி மாமா." விரல் ஒரு தட்டுத் தட்டியது. அவ்வளவு சுலபமாகப் போய்விட்டது. "அப்ப ஆட ஆட எவ்வளவு ஏறணும்னு..."

"அது எனக்குத் தெரியாது. ஆடினவங்க யாரையாவது கேளுங்க."

கூட்டாளிப் பெண் மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். "உக்காந்தே இருந்தா எவ்வளவு குறையணும் அங்கிள்? அது தெரியும்ல?"

அதில் கிண்டல் இருக்கிறதா என்று தேடிப் பார்த்தார். இல்லை, கேள்வி மட்டுமே இருந்தது. உள்ளே குழாய் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அவர் குரலைத் தாழ்த்தி, ஆனால் சமையலறைக்குக் கேட்கும்படியாகவே, சொன்னார்:

"மொத வருஷம் ஒண்ணுமே குறையாதும்மா. அதனாலதான் ஏமாந்துபோறது. ரெண்டாவது வருஷத்துலேருந்து, கூப்பிட்டுடக் கூடாதேன்னு நெனைக்க ஆரம்பிப்பான். அங்கேருந்து குறைச்சுக்கிட்டே வாங்க."

அவள் அதை அப்படியே தட்டச்சு செய்தாள்.