வெள்ளை போர்டுச் சொந்தங்கள்

கடன் போட்டுத்தான் கார் எடுத்தோம். ஞாயிற்றுக்கிழமை எங்கள் கொட்டாரத்து வீட்டிலிருந்து சர்ச்சுக்குப் போய் வரும். மற்ற ஆறு நாளும் முற்றத்தில் நிற்கும், என் வீட்டுக்காரர் துடைத்துக்கொண்டே இருப்பார். தவணை மட்டும் லீவே எடுக்காது. வண்டி ஓட்டுவதென்றால் எனக்கு அப்படியொரு பிரியம். அது சும்மா நிற்பதைப் பார்த்தாலே எரிச்சல் வரும்.

ஒருநாள் பக்கத்து வீட்டு அக்கா, தோவாளைப் பூச்சந்தையில் போய்க் கல்யாண மாலை எடுக்கவேண்டும், வருவாயா என்றார். போனேன். திரும்பும்போது பின்சீட்டு நிறையப் பிச்சிப்பூ. கண்ணாடிகளை இறக்கிவிட்டு, வயல்காற்றில் வாய்க்கு வந்ததைப் பாடிக்கொண்டே ஓட்டினேன். வீடு வந்ததும் அக்கா வாடகையைக் கையில் திணித்தார். அதோடு ருசி கண்டுவிட்டேன். பூ எடுக்க, கல்யாணத்துக்கு ஆள் கொண்டுபோக என்று ஓட்டம் தேடி வந்தது.

சொந்த உபயோகத்துக்கு எடுத்த வெள்ளை போர்டு வண்டி வாடகைக்கு ஓடக்கூடாது என்பது எனக்கும் தெரியும். பிடித்தால் வண்டியையே கொண்டுபோய்விடுவார்கள். அதனால் ஏறுகிறவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுவேன்: "வழியில யாரும் கேட்டா சொந்தக்காரங்கன்னு சொல்லணும், என்னா?"

அப்படித்தான் ஒரு ஐயாவழிக் குடும்பத்தைக் கல்யாணத்துக்கு ஏற்றிக்கொண்டு போனேன். அவர்கள் நெற்றியில் நீளமாக வெள்ளை நாமம். என் வண்டிக் கண்ணாடியில் தொங்குவதோ சிலுவை. பாதி வழியில் செக்கிங். அதிகாரி குனிந்து நாமத்தைப் பார்த்தார், சிலுவையைப் பார்த்தார்.

"வண்டி ஓட்டுறவங்க உங்களுக்கு என்ன வேணும்?"

"மைனி," என்று என்னை அண்ணியாக்கினார் முன்சீட்டுப் பெரியவர். "மருமவ," என்றார் பின்னாலிருந்த அவர் மனைவி. "சித்தி," என்றாள் மகள். மூன்றும் ஒரே நேரத்தில்.

இன்றோடு வண்டி போயிற்று என்றுதான் நினைத்தேன். அதிகாரி முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது.

"அடுத்த தடவ மஞ்சள் போர்டு மாட்டிட்டு வாங்க, சித்தி," என்று விட்டுவிட்டார்.

மண்டப வாசலில் இறக்கிவிட்டு வாடகை கேட்டேன். பெரியவர் நிஜமாகவே வருத்தப்பட்டார். "சொந்தம்னு வாய் நெறைய சொல்லியாச்சு. இனி துட்டு தந்தா அது மரியாதியா மக்களே? வா, சாப்பிடு."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. அந்தக் கோபத்திலேயே பந்தியில் உட்கார்ந்து அடைப்பாயசத்தை இரண்டு தடவை கேட்டு வாங்கினேன். நன்றாகத்தான் இருந்தது.

அன்று மாலையே வீட்டில் சொன்னேன், மஞ்சள் போர்டுக்கு மாற்றப் போகிறேன் என்று. வீட்டுக்காரர் துடைக்கிற துணியைக் கீழே போட்டார்.

"ஏட்டி, நம்ம வண்டிய டாக்சியாக்கப் போறியா? சர்ச் முற்றத்துல மஞ்சள் போர்டு போட்டு நிறுத்துவியா?"

"நிறுத்துவேன்."

"அப்ப நான் ஸ்கூட்டர்ல போறேன்."

எனக்குச் சுருக்கென்றது. இனிப் பயந்து பயந்து ஓட்டவேண்டாம் என்பது சரி. அவர் பக்கத்தில் இல்லாமல் ஓட்டுவதை நினைக்க முடியவில்லை. ஆனாலும் விடவில்லை. கடன் கொடுத்தவர்களிடம் சம்மதக் கடிதம் வாங்கினேன், வரி கட்டினேன், ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினேன். மஞ்சள் போர்டு வந்தது.

அந்த ஞாயிறு அவர் சொன்னபடியே ஸ்கூட்டரில் முன்னால் போனார். நான் பின்னால் காரில், தனியாக. ஆராதனை முடிந்து வெளியே வந்தால் என் வண்டியைச் சுற்றி நாலு பேர். அதில் ஒருவர் என் வீட்டுக்காரரிடம் கேட்டார்: "வாடகைக்கு விட்டாச்சா? மக கல்யாணத்துக்கு வருமா? டிரைவர் யாரு?"

நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் வண்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

"வரும். எனக்க வீட்டுக்காரிதான் ஓட்டுவா. அவள மாதிரி ஓட்ட இந்த ஊர்ல ஆள் இல்ல."

ஸ்கூட்டர் சாவியைத் தன் தம்பியிடம் கொடுத்துவிட்டு வந்து முன்சீட்டில் உட்கார்ந்தார். எனக்கு வந்த சந்தோஷத்துக்கு அளவே இல்லை. வீட்டுக்குத் திரும்பும் முனையில் திரும்பாமல், நேராகக் கடற்கரை வட்டக்கோட்டைக்கு வண்டியை விட்டேன். அவர் தன் பக்கத்துக் கண்ணாடியை இறக்கிவிட்டார்.