மஹோகனித் தலை

மஹோகனி என்பதற்கு அகராதி சொல்லும் பொருள், செம்பழுப்பு நிறமுள்ள ஒரு மரம். பணக்காரர் வீட்டு மேசையாகப் பிறவிப்பயன் அடைவது. ஆம்பூர்க்காரனான எனக்கு அது மரம் என்று தெரியவந்தபோது மீசை முளைத்திருந்தது. எங்கள் பக்கம் மஹோகனி என்றால் பதனிட்ட தோலின் நிறம். நிழலில் கறுப்பாகத் தோன்றும். வெளிச்சத்தில் திருப்பினால் உள்ளேயிருந்து கொஞ்சம் சிவப்பு எட்டிப் பார்க்கும்.

நிறம் பார்ப்பதுதான் என் பிழைப்பு. சாயமேறி வரும் தோலையும், வாங்குகிறவர் அனுப்பிய மாதிரித் துண்டையும் ஜன்னலோரம் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, 'ஓகே' அல்லது 'ரிஜக்ட்' என்று சொல்வேன். இதற்கும் சம்பளம் தந்துகொண்டிருந்தார்கள். போன வருஷம் கம்பெனியை மூடிவிட்டார்கள்.

மகள் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் வேறு வரும்படி இல்லை. பல மாதம் அலைந்தபின் இன்னொரு தோல் கம்பெனியில் நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். மேனேஜர் சின்ன வயசுக்காரர் என்று கேள்வி. எனக்கோ தலை முழுக்க நரை. தாத்தாவை யார் வேலைக்கு எடுப்பார்கள்?

நாங்கள் குடியிருக்கும் சத்துவாச்சாரியில் ஒரு கடைக்குத் தலைச்சாயம் வாங்கப் போனேன். அடுக்கில் 'மஹோகனி' என்று ஒரு டப்பா இருந்தது. வெளியூரில் தோஸ்தைப் பார்த்ததுபோல் இருந்தது. அட்டையிலிருந்த பெண்ணின் கூந்தலைக்கூட நான் கவனிக்கவில்லை. எனக்கே மஹோகனி சொல்லித் தருவதா?

வெளிறிய தோலில் சாயம் பளிச்சென்று ஏறும். அடியில் இருட்டாக ஒரு நிறம் கொடுத்துவிட்டுத்தான் மேலே மஹோகனி அடிக்க வேண்டும். புதிதாக வேலைக்கு வந்தவர்களிடம் இதை ஓயாமல் ஓதியவன் நான். நரைத்த தலையும் வெளிறிய தோல்தான் என்பது மட்டும் தோன்றவில்லை. தொழிற்சாலை வழக்கப்படி, டப்பாவில் சொன்னதைவிட ஜாஸ்தி நேரம் வேறு ஊறவிட்டேன்.

குளித்துவிட்டு வந்தேன். மனைவி பார்த்தாள்.

"இன்னாங்க இது, தலையில?"

"மஹோகனி."

"மாதுளம்பழம் மாதிரி இருக்குது."

"பகல் வெளிச்சத்துல பாரு, சரியான நிறம் தெரியும்."

வாசலுக்குக் கூட்டிப்போய்ப் பார்த்தாள். "உள்ளயே இருங்க," என்றாள்.

மேலே கறுப்பு அடிக்கலாமா என்று யோசனை கேட்டேன். "இருக்கிற முடியாவது இருக்கட்டும்," என்று தடுத்துவிட்டாள்.

மறுநாள் மேனேஜர் என் தலையைப் பார்த்தார், சான்றிதழைப் பார்த்தார், மறுபடியும் தலையைப் பார்த்தார். ஜன்னலோர மேசையில் பளபளப்பான தோல் துண்டுகளைப் பரப்பினார். நான் குனிந்து ஒவ்வொன்றாக மாதிரித் துண்டோடு ஒப்பிட்டேன். கடைசித் துண்டைத் தள்ளிவைத்தேன்.

"இதுல சிவப்பு ஜாஸ்தி."

"சார், கொஞ்சம் பின்னாடி நகருங்க." நகர்ந்தேன். "இப்ப பாருங்க."

சிவப்பைக் காணோம். அதுவரை அந்தத் துண்டில் தெரிந்தது என் தலை.

"ஷேட் பாக்கற ரூம்ல நாங்க கலர் சட்டையே போட விடமாட்டோம் சார். நீங்க தலையையே கலரா கொண்டாந்துட்டீங்க."

வேலை போனதென்று முடிவுகட்டி, உண்மையைச் சொல்லிவிட்டேன். "வெள்ளை மேல நேரா அடிச்சிட்டேன். அடியில இருட்டு குடுத்திருக்கணும்."

"ரிஜக்ட்," என்றார் அவர். என் முகம் போன போக்கைப் பார்த்து, "தலையைச் சொன்னேன் சார். மத்ததெல்லாம் சரியாத்தான் சொன்னீங்க. திங்கக்கிழமை வந்து சேருங்க. ஆனா இது வரக் கூடாது," என்று பேனாவால் என் நெற்றிக்கு மேலே காட்டினார்.

நேராக சலூனுக்குப் போனேன். முழு மொட்டை என்றதும், "இன்னா சார், எந்தக் கோயில் வேண்டுதல்?" என்றார் முடிவெட்டுகிறவர்.

"கம்பெனி வேண்டுதல்."

திங்கட்கிழமை புது இடத்தில் நுழைந்ததும் என்றுமில்லாத மரியாதை கிடைத்தது. "வேலை கிடைச்ச கையோட திருப்பதி போய்ட்டு வந்துட்டாரு பாரு," என்று பேசிக்கொண்டார்கள். கணக்குப் பிரிவு அம்மா நேரிலேயே வந்து, "லட்டு எங்க சார்?" என்றார். மேனேஜர் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் அவசரமாக எதையோ குனிந்து தேடினார். "நாளைக்கி கொண்டாறேன்," என்றேன்.

லட்டு பிடிக்க வருமா என்று சாயந்திரம் மனைவியைக் கேட்டேன்.

"சாமி பேர்ல டூப்ளிகேட்டா? போய்ட்டு வந்து நெஜ லட்டே குடுங்க. உங்களுக்கு வேலை கிடைக்கணும்னு நானே அந்தச் சாமிக்கு வேண்டியிருக்கேன்."

"என்னன்னு?"

"உங்க மொட்டைதான். முடி வளந்ததும் போலாம்."

வளர்ந்துகொண்டிருக்கிறது. வெள்ளையாக.